நாகர்கோவிலில் வீடும் சென்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசேரி, வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம் சுற்றுவட்டாரத்தில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், மேசைக்கு எதிரே வந்து அமர்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். வீடு வாங்க வருபவர்கள், வாடகைக்கு வீடு கிடைக்காமல் வருபவர்கள், பங்கு பிரிக்க வருபவர்கள், "எங்கள் தெருவே மாறிப்போயிற்று" என்று வருத்தப்பட வருபவர்கள் ஆகிய நான்கு தரப்பினரும் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் என்பதால் கேள்விகளைத் தரம் பிரிக்கவில்லை.

நாகர்கோவிலில் ஒரு சாதாரணக் குடும்பத்தால் ஏன் வீடு வாங்க முடிவதில்லை?

நிலம் குறைவு, ஆட்கள் அதிகம் என்பது முதல் காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1,684 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில் 18,70,374 பேர் இருந்தார்கள். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் என்ற இந்த நெருக்கம், அன்றைய 32 மாவட்டங்களில் சென்னைக்கு அடுத்த இடம். மாவட்டத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு காடு என்பதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் இந்த எண் 1,600-ஐ நெருங்கிவிடும். சென்னையில் மனையைக் கிரவுண்டில் பேசுகிறார்கள். நாம் சென்டில் பேசுகிறோம், நகரத்துக்குள் என்றால் சென்டுக்குக் கீழே லிங்க்ஸ் வரையிலும் பேசுகிறோம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு லிங்க்ஸ்.

இரண்டாவது காரணம், நிலத்தின் விலையைத் தீர்மானிக்கும் சம்பளம் ஊரில் வாங்கப்படுவதில்லை. வளைகுடா நாடுகளிலும் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலும் வேலைபார்த்து அனுப்பும் பணமே பெரும்பாலும் இங்கே மனையாக மாறுகிறது. ஊரிலேயே சம்பாதிப்பவர் அந்த விலையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. 25 லட்சம் ரூபாயை எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 21,700 ரூபாய் அளவில் வரும். ஜவுளிக்கடையிலோ தனியார் பள்ளியிலோ வேலைபார்ப்பவரின் மொத்தச் சம்பளமும் அந்தத் தவணைக்குள் அடங்கிவிடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

செங்கல், சிமெண்ட், எம்-சாண்ட் விலைதானே வீட்டை எட்டாக்கனி ஆக்குகிறது?

அதுவும் ஏறித்தான் இருக்கிறது. நம் மாவட்டத்துப் பாறை உடைபட்டு லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போவதை நாள்தோறும் சாலையில் பார்த்துக்கொண்டே, இங்கே ஒரு லோடு ஜல்லிக்குக் காத்திருக்கும் எரிச்சல் எல்லாருக்கும் உண்டு. ஆனாலும் கட்டுமானச் செலவு நாகர்கோவிலிலும் நாங்குநேரியிலும் பெரிதாக வேறுபடாது. வேறுபடுவது மனை விலை. வீடு கட்டுவதற்குக் கொடுக்கப்படும் எந்த உதவியும் மனை இல்லாதவரைத் தொடாமலே போவது இதனால்தான். அதைக் கீழே திட்டங்களைப் பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

பெரிய கட்டுமான நிறுவனங்கள் வந்துதான் பழைய குடியிருப்புகள் காணாமல் போகின்றன என்கிறார்களே?

பெருநகரங்களில் அப்படி இருக்கலாம். நம் ஊரில் ஒரு தெருவை மாற்றுவது பெரும்பாலும் பாகப்பிரிவினைப் பத்திரம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சாலையோரம் 52 அடி அகலமும் உள்ளே 100 அடி நீளமும் உள்ள ஒரு பொறையிடத்தை, அதாவது வீடும் மரங்களும் சேர்ந்த மனையை, எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 12 சென்ட். நடுவில் ஓட்டு வீடு, பின்னால் கிணறு, ஒரு பலா, பத்துத் தென்னை. பெற்றோர் காலத்துக்குப் பிறகு நான்கு பிள்ளைகளும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு 3 சென்ட் என்று வாயால் சொல்வது எளிது. பின்பக்கத்துக்காரர் சாலைக்கு வர வழி வேண்டும். ஸ்கூட்டர் போதாது, கார் வர வேண்டும் என்றால் 8 அடி வேண்டும். 75 அடி நீளத்துக்கு 8 அடி வழி விட்டால் 600 சதுர அடி போயிற்று. மீதியை நான்காக வகுத்தால் சராசரியாக ஆளுக்கு 1,150 சதுர அடி, அதாவது 2 சென்ட் 640 லிங்க்ஸ். ஓட்டு வீடு இரண்டு பங்குகளின் எல்லையில் நிற்பதால் இடித்தாக வேண்டும். பலா வழிக்குள் வருகிறது, அதுவும் போகிறது. நான்கில் ஒருவர் மஸ்கட்டில், ஒருவர் சென்னையில். அவர்கள் இருவரும் தத்தம் பங்கை விற்கிறார்கள், அல்லது சுற்றுச்சுவர் கட்டிப் பூட்டுகிறார்கள். மீதி இருவர் சாலைமுகத்தில் கடை வைத்து மாடியில் வீடு கட்டுகிறார்கள். எந்த நிறுவனமும் வரவில்லை. பத்து ஆண்டுகளில் அந்தத் தெரு வேறு தெருவாகிவிட்டது.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. விற்பனைப் பத்திரத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத்தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக்கட்டணமும் ஆகும். குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட பிறகும், உச்சவரம்பாக ஒரு பங்குக்கு முத்திரைத்தீர்வை 40,000 ரூபாயும் பதிவுக்கட்டணம் 10,000 ரூபாயும்தான். ஒருவரே மற்ற மூவரின் பங்கையும் விலைகொடுத்து வாங்கி வீட்டை முழுதாக வைத்துக்கொள்ள முன்வந்தாலும், அத்தனை பணம் ஒருவரிடம் இருப்பதில்லை.

முன்பெல்லாம் இவ்வளவு பங்குகள் இல்லையே?

இல்லைதான். அதற்கு வரலாறு இருக்கிறது, நல்ல வரலாறும்கூட. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழியில், அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் முறையில், கூட்டாகக் கிடந்த சொத்து, 1926-இல் திருவிதாங்கூர் கொண்டுவந்த தனிச் சட்டத்துக்குப் பிறகு பிரியத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துக் குடும்பங்களில் மகள்களுக்கும் பிறப்புரிமைப் பங்கு தந்தது. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்கு 1916-ஆம் ஆண்டுச் சட்டம் மகளின் பங்கை மகன் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது என்று கட்டிவைத்திருந்தது; மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டை அவிழ்த்தது. "பெண்பிள்ளைகளுக்கும் பங்கு வந்ததால்தான் வீடு உடைந்தது" என்று என் மேசைக்கு எதிரே அமர்ந்து சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது: நான்கு ஆண்பிள்ளைகள் இருந்திருந்தால் உடையாமல் இருந்திருக்குமா?

எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வாடகைக்கு மட்டும் ஒரு வீடும் கிடைப்பதில்லை. இது எப்படி?

பூட்டிய வீட்டின் சொந்தக்காரர் பெரும்பாலும் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கோ கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ பத்து நாள் வருவார். அந்தப் பத்து நாளுக்காக வீடு 355 நாள் காத்திருக்கிறது. வாடகைக்கு விட்டால் வருபவர் காலி செய்ய மாட்டார் என்ற பயம் ஒன்று. வாடகை வருமானம் அவருக்கு ஒரு பொருட்டில்லை என்பது மற்றொன்று. வயதான பெற்றோர் கீழ்த்தளத்தில் இருந்தால் மாடியை யாருக்கும் விடக் கூடாது என்று மகன் தொலைபேசியில் கட்டளையிட்டிருப்பான்.

இதில் மக்கள்தொகை மாற்றமும் சேர்ந்திருக்கிறது. இந்த மாவட்டத்தில் பிள்ளைப்பேறு மற்ற மாவட்டங்களுக்கு முன்பே குறைந்தது. 2001-இல் 16,76,034 ஆக இருந்த மக்கள்தொகை பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 11.6 விழுக்காடுதான் கூடியது. அதே காலத்தில் தமிழ்நாட்டின் சராசரி வளர்ச்சி 15 விழுக்காட்டுக்கு மேல். எழுத்தறிவில் 91.75 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம், படித்த பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவைத்த மாவட்டமும் ஆயிற்று. ஆட்கள் பெருகாத தெருவில் சுவர்கள் மட்டும் பெருகுகின்றன. நான்கு அறை உள்ள வீட்டில் எழுபது வயதான அம்மா ஒருவர் தனியாக இருப்பதும், அதே தெருமுனையில் ஒற்றை அறையில் ஐந்து பேர் தங்கியிருப்பதும் ஒரே வார்டின் கணக்கில்தான் வரும்.

இப்படிப்பட்ட ஒரு அம்மா, பழைய அடுக்களையையும் அதை ஒட்டிய திண்ணையையும் தடுத்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலைபார்க்கும் இரண்டு செவிலியர்களுக்கு விட்டிருக்கிறார். ஒப்பந்தம் எழுத வந்தபோது வாடகையைவிட அதிக நேரம் அவர் பேசியது, இரவுப் பணி முடிந்து வருபவர்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைப் பற்றித்தான். தனக்கு இரவில் ஏதாவது ஆனால் தட்ட ஒரு கதவு வேண்டும் என்பதே அவர் வாடகைக்கு விட்ட காரணம். ஊரில் மலிவான வாடகை வீடு உண்மையில் கிடைப்பது இப்படிப்பட்ட ஏற்பாடுகளில்தான் என்று நான் நினைக்கிறேன். எந்தத் திட்டத்தின் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

புதிதாகக் குடியேறுபவர்கள் யார்?

மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றை நம்பி வருபவர்கள் ஒரு கூட்டம். கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் மகேந்திரகிரி விண்வெளி ஆய்வு மையத்திலும் வேலைபார்த்துக்கொண்டு பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வீடெடுப்பவர்கள் உண்டு. 1979-இல் திருவனந்தபுரம் ரயில் பாதை வந்தபிறகு, அங்கே வேலை, இங்கே வீடு என்று வாழ்பவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும், ஆண்டுதோறும் கடல் வீட்டு முற்றம்வரை வருவதாலும், கடற்கரை ஊர்களிலிருந்து உள்ளே நகர்ந்த குடும்பங்கள் ஒரு கூட்டம். கட்டட வேலைக்கும் உணவகங்களுக்கும் வந்திருக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் மற்றொரு கூட்டம். இவர்களில் பலர் தாங்கள் கட்டும் கட்டடத்திலேயே, வார்ப்பு முடிந்த முதல் தளத்தில் தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொள்கிறார்கள், கட்டடம் முடிந்ததும் அடுத்த கட்டடத்துக்குப் போகிறார்கள்.

வெளியாட்கள் வந்ததால்தானே வாடகை ஏறிற்று?

தேவை கூடினால் வாடகை ஏறும் என்பது உண்மை. ஆனால் விலையை முதலில் ஏற்றியது ஊரைவிட்டுப் போனவர்கள் அனுப்பிய பணம். வந்தவர்கள் அந்த விலையில் மாட்டிக்கொண்டவர்கள். வட மாநிலத் தொழிலாளர் பத்துப் பேர் தங்கும் கொட்டகைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பவரைப் பார்த்தால், சதுர அடிக் கணக்கில் ஊரிலேயே அதிக வாடகை கொடுப்பவர் யார் என்பது தெரிந்துவிடும்.

எங்கள் பகுதியில் வேற்றுச் சமுதாயத்தாரும் வேற்று மதத்தாரும் அதிகமாகி வருகிறார்களே, பகுதியின் தன்மை மாறாதா?

மாறும். இதற்கு முன்பும் மாறியிருக்கிறது. 2011 கணக்கில் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65, கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20 விழுக்காடு. இந்த அளவுக்குக் கலந்த மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு இல்லை. ஆனால் மாவட்டம் கலந்திருந்த அளவுக்குத் தெருக்கள் கலந்திருக்கவில்லை. கோட்டாறு வணிகர்களின் இடம், வடசேரி நெசவாளர்களின் இடம், இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த முஸ்லிம்களின் இடம், வடிவீசுவரம் கோயிலைச் சுற்றிய தெருக்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி ஊராக இருந்து, நடுவிலிருந்த வயலும் விளையும் மனைகளானபோதுதான் நாகர்கோவில் என்ற ஒரே நகரம் உண்டாயிற்று. வெட்டூர்ணிமடமும் பார்வதிபுரமும் அந்த நடுப்பகுதிகளைச் சேர்ந்தவை. இங்கே "எங்கள் பகுதி" என்று பேசும் குடும்பங்களில் பாதிக்குமேல் இரண்டு தலைமுறைக்கு முன் வேறெங்கோ இருந்தவை என்பதை அவர்களுடைய மூல ஆதாரமே, அதாவது சொத்தின் பழைய மூலப்பத்திரமே, சொல்லும்.

வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் பெயரைக் கேட்டுவிட்டு, பிறகு "எந்த ஊர்? எந்தச் சபை? எந்தக் கோயில்?" என்று கேட்டு, கடைசியில் "வீடு முடிந்துவிட்டது" என்று சொல்வதைப் பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். புரோக்கர்களிடம் இதற்கென்றே ஒரு மனக்கணக்கு உண்டு. யாரை எந்தத் தெருவுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பதில் அவர்கள் தவறுவதே இல்லை. வாடகை எட்டாததால் வீடு கிடைக்காதவர்களைவிட, கேள்விக்குச் சரியான பதில் சொல்ல முடியாததால் வீடு கிடைக்காதவர்கள் குறைவு என்று என்னால் சொல்ல முடியாது.

அரசுத் திட்டங்களில் எங்களுக்கு எது பொருந்தும்?

முதலில் நீங்கள் இருக்கும் இடம் மாநகராட்சியா, நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்று பாருங்கள். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. ஆனால் அது ஊராட்சிகளுக்கு மட்டும். நம் மாவட்டத்தில் ஊராட்சிகள் 95-தான், பேரூராட்சிகளோ ஐம்பதுக்கு மேல். 2011 கணக்கில் மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகரவாசிகள் என்று வருவதற்கு இதுவே காரணம். மலையடிவாரத்தில் ரப்பர் பால் வெட்டுபவரும், கடற்கரையில் வலை பின்னுபவரும், தங்கள் ஊர் பேரூராட்சி என்பதாலேயே ஏட்டில் நகரவாசிகள். ஊரகத் திட்டங்களின் கதவு அவர்களுக்குத் திறப்பதில்லை. வெளி மாவட்டத்தார் இதை நம்ப மறுப்பார்கள்.

நகர்ப்பகுதிக்கு உள்ளது பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம். ஆண்டு வருமானம் 3 லட்சம்வரை, நாட்டில் எங்கும் சொந்தமாகக் கல்வீடு இருக்கக் கூடாது, சொந்த மனை இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் பொருந்தினால், மனையில் நீங்களே வீடு கட்ட மத்திய அரசு ஒன்றரை லட்சமும் மாநில அரசு ஒரு லட்சமும் என இரண்டரை லட்சம் கிடைக்கும். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 360 சதுர அடி வீட்டுக்கு 7,20,000 ரூபாய் ஆகும். மீதிக்கு நகைக்கடன்தான். வங்கிக்கடன் வாங்கி வீடு வாங்குபவர்களுக்கு, ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால், 1,80,000 ரூபாய்வரை வட்டி மானியம் ஐந்து தவணைகளாகக் கடன் கணக்கில் வரவாகும்.

என் அனுபவத்தில் விண்ணப்பங்கள் விழுவது வருமானச் சான்றிதழில் அல்ல, பட்டாவில். தாத்தா பெயரில் பட்டா இருக்கும், வாரிசுகள் 17 பேர், மூவர் வெளிநாட்டில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. மூன்று சென்டில் ஓலைவீட்டில் முப்பது ஆண்டு குடியிருந்தாலும் அவர் பெயரில் துண்டு நிலம் ஏட்டில் கிடையாது. வீடு கட்டப் பணம் கொடுக்கும் அரசு, அந்தப் பதினேழு பேரை ஒரு மேசைக்கு வரவைக்கும் வேலையையும் வட்டாட்சியர் அளவில் செய்து கொடுத்தால், மானியத்தை ஒரு ரூபாய்கூட உயர்த்தாமலே வீடுகள் எழும் என்பது என் கருத்து.

இலவச வீட்டுமனைப் பட்டா கிடைக்குமா?

விதிப்படி ஊராட்சிப் பகுதியில் 3 சென்ட்வரை, நகராட்சிப் பகுதியில் ஒன்றரை சென்ட்வரை, மாநகராட்சிப் பகுதியில் 1 சென்ட்வரை. 2019-இல் நாகர்கோவில் நகராட்சி மாநகராட்சி ஆனபோது பட்டாசு வெடித்தவர்களில் எத்தனை பேர் இந்த அரை சென்டைக் கவனித்தார்களோ! ஒரு சென்டில் வீடு கட்ட முடியும். ஆனால் கொடுப்பதற்கு மாநகராட்சி எல்லைக்குள் தகராறில்லாத புறம்போக்கு எங்கே என்பதுதான் கேள்வி. குளப் புறம்போக்கையும் வாய்க்கால் கரையையும் பட்டாவாகக் கேட்டு அலைய வேண்டாம். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது.

வாடகைக்கு வரும்போது எவ்வளவு அட்வான்ஸ் கேட்கலாம்?

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. மாத வாடகை 8,000 என்றால் 24,000. நடைமுறையில் பலர் அதிகம் கேட்கிறார்கள், கொடுப்பவர்களும் கொடுக்கிறார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். பூட்டிய வீட்டுக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன்: "காலி செய்ய மாட்டார்கள்" என்ற பயம் பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்துப் பயம், இன்றைய சட்டத்தில் ஒப்பந்தக் காலம் முடிந்தால் வீட்டைத் திரும்பப் பெறுவது முன்பைவிட எளிது.

ஒற்றிக்கு வீடு எடுக்கலாமா?

மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டு குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்பப் பெறுவது ஒற்றி. மாதாமாதம் வாடகை புரட்ட முடியாத, ஆனால் மகளின் நகையை விற்றோ சீட்டை எடுத்தோ ஒரு தொகை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது வசதியாகத் தெரியும். ஆபத்தும் இங்கேதான். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒற்றி, இரண்டு சாட்சிகளோடு பதிவுசெய்த பத்திரமாக இருக்க வேண்டும். பதிவு செய்யும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதே வீட்டின் பேரில் வங்கிக்கடன் இருந்தால் வங்கியின் உரிமைதான் முந்தும். பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால் அது சில சமயம் வில்லங்கத்தில் தெரியாது என்பதால், மூல ஆதாரத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நகலைக் காட்டி "அசல் அண்ணன் வீட்டில் இருக்கிறது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுக்குமாடி வீடு மலிவாக வருமா?

மனை விலை பலருக்குப் பங்காவதால் தனிவீட்டைவிடக் குறையும். 500 சதுர மீட்டருக்குமேல், அதாவது ஏறத்தாழ 12 சென்ட் 360 லிங்க்ஸுக்குமேல் நிலமும், எட்டுக்கு மேற்பட்ட வீடுகளும் இருந்தால் கட்டுபவர் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். நம் ஊரில் பல கட்டடங்கள் 11, 12 சென்டில் எழுவது தற்செயல் என்று நான் நம்பவில்லை. மொத்த மனையில் உங்கள் வீட்டுக்குரிய பிரிபடாத மனைப்பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள்.

வயலை மண் கொட்டி நிரத்திப் போட்ட மனை சென்டுக்குப் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

2021 நவம்பர் மழையில் அந்தப் பகுதி எப்படி இருந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். வயல் நிரத்தினாலும் தண்ணீருக்குத் தன் பழைய வழி மறப்பதில்லை. நிரத்தியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார், மோட்டார் வைத்து இறைப்பது வாங்கியவர். அங்கீகாரம் பார்ப்பதும் அவசியம். 2016 அக்டோபர் 20-க்கு முன் போடப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தத்தான் 2017-இல் விதிகள் வந்தன. அதற்குப் பின் போட்டவற்றுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. குறைந்த விலை மனை எல்லாமே தவறு என்று சொல்லவில்லை. ஆனால் ஏழைகளுக்கு மிஞ்சுவது பள்ளமாகவே இருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சந்தேகம் பழகிவிட்டது.

இரண்டரை சென்டில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா?

கிடைக்கும். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ தரையும் ஒரு மாடியுமோ என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். பங்கு வழி குறுகலாக இருந்தால் அதைப் பாகப்பிரிவினையின்போதே சரிசெய்துகொள்ளுங்கள். மூன்று அடி நடைவழியை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு செங்கல் லாரி உள்ளே வரவில்லை என்று அண்ணன் தம்பி வழக்குப் போடுவது இந்த ஊரில் தனி ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாற்றங்கள் தெரியவருமா?

ஓரளவு தெரியும். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதற்கு முன் நடக்கும் வீட்டுப்பட்டியல் எடுப்பில் காலி வீடுகளும் பதியப்படும். கணக்கெடுப்பவர் வரும்போது வெளிநாட்டு மகனின் பூட்டிய வீட்டை "நாங்கள்தான் புழங்குகிறோம்" என்று கௌரவத்துக்காகச் சொல்லாதீர்கள். எத்தனை வீடு காலி என்று சரியாகத் தெரிந்தால்தான், புதிதாகக் கட்டுவதா, இருப்பதைத் திறக்கச் செய்வதா என்று யாராவது யோசிக்க முடியும்.

எங்கள் ஆதாரத்தில் "கிணற்றில் நாலில் ஒரு பங்கு" என்று இருக்கிறது. கிணற்றை மூடிப் பத்து ஆண்டாயிற்று. விற்பனைப் பத்திரத்தில் அதை எழுத வேண்டுமா?

எழுத வேண்டும்; கிணறு மூடப்பட்டுள்ளது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டாலும் கிணறு இருந்த வட்டமும் அதைச் சுற்றிய நடையும் நான்கு பேருக்கும் பொதுவான இடம். கால் சென்ட்வரை வரும். மற்ற மூவரும் தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தராமல் அதன்மேல் செப்டிக் டேங்க் கட்டிவிடாதீர்கள். மூவரில் ஒருவர் மஸ்கட்டில் இருந்தால், அவர் கிறிஸ்துமஸுக்கு வரும் பத்து நாளைக்குள் நாள் குறித்துவிடுங்கள்.